திருப்பூரில் இல்லாத ஸ்காட்லாந்து வட்டம்

பொய் சொன்னேன். அதுவும் அச்சில் சொன்னேன். ஸ்காட்லாந்திலிருந்து எவரும் திருப்பூருக்கு வந்து சரிபார்க்கப் போவதில்லை என்று முட்டாள்தனமாக நம்பிச் சொன்னேன்!

அறுபதுகளில் நான் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியன். ஸ்காட்லாந்து இலக்கியம் உலகில் எங்கெங்கே படிக்கப்படுகிறது என்று அந்நாட்டு ஆய்விதழ் ஒன்று கேட்டிருந்தது. விடுவேனா? எங்கள் ஊர்ப் பனியன் தொழிலாளர்களும் விவசாயிகளும் பல வருடங்களாக ஞாயிறுதோறும் வாசகர் வட்டமாகக் கூடி, அந்நாட்டுக் கதைப்பாடல்களைத் தமிழில் வாசிக்கிறார்கள் என்று எழுதியனுப்பினேன். கூடியது யார்? நானும் என் நாற்காலியும்!

அச்சானது. கல்லூரி முதல்வர் மாலை போட்டார். கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினேன்...

பிறகு வந்தது தந்தி. ஆய்விதழை நடத்தும் பேராசிரியை சென்னைக்கு வந்திருக்கிறாராம். ஞாயிறன்று வட்டத்தைப் பார்க்க வருகிறாராம்! அன்று மாலை முதல்வர் வீட்டில் அவருக்கு விருந்து. அப்படியொரு வட்டமே இல்லை என்று அங்கே அவர் வாய் திறந்தால் என் வேலை போயிற்று.

பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், எனக்குத் தெரிந்த ஆறுமுகத்தின் காலில் விழாத குறைதான். அவர் தம் கம்பெனி ஆட்களையும், பல்லடத்து விவசாயி பழனியப்பண்ணனையும் கூட்டி வந்தார். ஞாயிறன்று கம்பெனிக் கிடங்கில் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். பேராசிரியைக்கு மட்டும் நாற்காலி.

நான் மொழிபெயர்த்திருந்த பாட்டை வாசித்தேன். எல்லை தாண்டி வந்தவர்கள் ஓர் ஏழையின் மாடுகளை ஓட்டிப் போகிறார்கள். அவன் துரத்திப் போய் மீட்கிறான். கூடவே அவர்கள் மாடுகளையும் ஓட்டி வருகிறான்.

"தன் மாட்டை ஓட்டியாந்தது நாயமுங்க. அடுத்தவன் மாடு எதுக்குங்க?" என்றார் பழனியப்பண்ணன்.

"மானம் போனதுக்கு வட்டீங்க!" என்றார் ஆறுமுகம்.

"உங்க பட்டியில மாடே இல்லீங்களே மாஸ்டர், நீங்க எப்படீங்க வட்டி போடறீங்க?"

சிரிப்பு, கூச்சல்... பஞ்சாயத்தே கூடிவிட்டது! நடிக்க வந்தவர்கள் நடிப்பை மறந்துவிட்டார்கள்.

எத்தனை காலமாக வருகிறீர்கள் என்று பேராசிரியை கேட்டார். கேள்வியை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். 'ரொம்ப வருசமா' என்று சொல்லும்படி கெஞ்சி வைத்திருந்தேன். பழனியப்பண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு அவரை.

"பொய் எதுக்குங்க அம்மிணி? இன்னைக்குத்தான் வந்தோமுங்க. ஆனா இந்த மாட்டு வழக்குத் தீராம ஊட்டுக்குப் போகமாட்டோமுங்க!"

பேராசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "பல வருடங்களாக."

அவர் கண் கலங்கிப் பழனியப்பண்ணனின் கையைப் பற்றிக் குலுக்கினார். விருந்தில் என்னைப் புகழ்ந்தார். ஜெயித்தேன்! வேலையும் நிலைத்தது, பேரும் நிலைத்தது!

பின்னர் அவர் எழுதிய புத்தகத்தில் பழனியப்பண்ணன் இருக்கிறார், நீண்டநாள் உறுப்பினராக, அவர் சொல்லாத சொற்களுடன். எந்தெந்த ஊரிலோ அதைப் படிக்கிறார்கள். உண்மை பேசிய மனிதரை நான் பொய்யராக்கி அச்சேற்றிவிட்டேன்.

"அம்மிணி என்னைப் பத்தி என்னங்க எழுதியிருக்குது?" என்று பழனியப்பண்ணன் ஒருநாள் கேட்டார்.

"நல்லதாத்தாங்க" என்றேன். இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்... நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

நடந்தது இதுதான்: அன்று அந்த மாட்டு வழக்குத் தீரவில்லை. அடுத்த ஞாயிறும் அவர்கள் வந்தார்கள்.