எங்கள் வீட்டில் முட்டையிடாத கோழிகள்

கோழிக்கு எத்தனை விரல் என்று அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து, அதே தெருவில் பெண்ணெடுத்து, சர்க்கார் ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். கோழியைச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்ததுண்டு. எதிரே வந்தால் வேஷ்டியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கியதும் உண்டு. அதற்கு மேல் எங்களுக்குள் சங்காத்தம் இல்லை. அப்படிப்பட்டவன் மாதக்கணக்கில் கோழி நினைப்பாகவே திரிந்தேன் என்றால் இப்போது எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

என் மகளுக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. ஜுரம் இறங்கிவிட்டது, குழந்தைதான் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் முருங்கைக்காய் போல ஆகிவிட்டன. டாக்டர் மலையாளி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "தினம் ஒரு முட்டை, பாலில் அடிச்சுக் கொடுக்கணும் ஸ்வாமி. இல்லெங்கில் குட்டி நடக்கறது பிரயாசம்" என்றார்.

"வேறே மருந்து ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"மருந்து நான் தந்தாச்சே. இது ஆகாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

என் மனைவி தெருவில் எல்லார் வீட்டுக்கும் சிராத்தம் பண்ணிவைக்கும் வைதிகரின் மகள். வெங்காயம் வாங்கி வந்தால்கூட யார் பார்த்தார்கள் என்று விசாரிப்பவள். அவளிடம் போய் முட்டை என்று எப்படி வாயெடுப்பது? தெருவுக்குத் தெரிந்தால் மாமனார் எங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டார். நல்லது கெட்டதுக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கொடுத்தால் குடும்பம் போச்சு, கொடுக்காவிட்டால் குழந்தையின் கால் போச்சு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கச்சேரியில் பக்கத்து மேஜைக்காரர் நாஞ்சில்நாட்டு வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பாளையத்தில் குடியிருந்தார். அவரிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இந்தப் பாடு படுதீரு? சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாரும்" என்றார்.

அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் என் குழப்பம் ஆரம்பமாயிற்று. கோழி என்றால் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும் என்பது என் எண்ணம். அங்கே மேய்ந்தவற்றை ஒரே ஜாதி என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒன்றுக்கு உடம்பெல்லாம் இறகு, அவர் பாஷையில் தூவல், முன்பக்கமாகத் திரும்பிச் சுருண்டிருந்தது. ஒன்றுக்குத் தலையில் கொத்தாகக் குடுமி, கண்ணே தெரியவில்லை. இன்னொன்றுக்குக் கழுத்தில் பேருக்கு ஒரு தூவல் இல்லை, சிவந்த தோல் மட்டும்தான். நண்பர் அந்த மொட்டைக் கழுத்தின் முட்டையைத்தான் என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஓய், இதுக்கு என்னமோ சீக்கு போலிருக்கே. சீக்குக் கோழி முட்டையையா சீக்குக் குழந்தைக்குக் கொடுக்கறது?"

"சீக்கா? நல்லாருக்கு கதை. அது பொறவியே அப்படியாக்கும்."

"மத்ததெல்லாம் அப்படி இல்லையே?"

"நம்ம கச்சேரியில எல்லாரும் ஒண்ணுபோலயா இருக்கோம்?" என்றார்.

அவர் என்னைக் கிண்டல் செய்கிறாரா, சமாதானம் செய்கிறாரா என்று விளங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். மறுநாள் டாக்டரிடமே போய், கழுத்தில் தூவல் இல்லாத கோழியின் முட்டை குழந்தைக்கு ஆகுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "முட்டைக்கு எதுக்கு ஸ்வாமி கழுத்து?" என்றார். அன்று சாயங்காலமே நண்பர் வீட்டுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் அல்பாக்கா கோட்டுப் பையில் கைக்குட்டைக்குள் ஒரு முட்டை வீட்டுக்கு வந்தது. விடியற்காலையில் மாட்டுக்கொட்டிலில் மறைவாக நின்று உடைப்பேன். பாதி பாலில் விழும், பாதி என் விரலில் வழியும். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, டானிக் என்று சொல்லிக் குழந்தையிடம் கொடுப்பேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைத் தள்ளிவிடுவாள். அவளைக் குடிக்க வைப்பதற்காக எதையாவது சொல்லப்போய், நான் பார்த்த கோழிகள் வாயில் வந்துவிட்டன. கண் விரியக் கேட்டுக்கொண்டே முழுசும் குடித்துவிட்டாள்.

மறுநாள் புதுக் கோழி வேண்டும் என்றாள். நான் எங்கே போவேன்? பொன்முடித் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன படப்புத்தகம் நண்பர் வீட்டில் இருந்தது. அதைப் புரட்டினால் தலை சுற்றியது. காலில் விரல் நுனிவரை தூவல் வளர்ந்த கோழி, பூனை மாதிரி உடம்பெல்லாம் ரோமமாக இருந்த கோழி, மரக்கிளையில் உட்கார்ந்து வாலைத் தரைவரை தொங்கவிட்ட சேவல். இதெல்லாம் நிஜமா, வெள்ளைக்காரன் விளையாட்டுக்கு வரைந்ததா என்று நண்பரைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார். எல்லாவற்றையும் குழந்தையிடம் சொன்னேன். கொஞ்ச நாளில் நான் கண்ணால் கண்டது எது, படத்தில் பார்த்தது எது, சொல்லும்போதே முளைத்தது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கூட்டம் முழுவதையும் படுக்கையில் கிடந்தபடியே எங்கள் கொல்லைக்குக் குடியேற்றியவள் அவள்தான். குடுமிக் கோழிக்குக் கிணற்றடி. சுருட்டைக் கோழிக்குத் துளசி மாடத்துப் பக்கம். நீளவால் சேவலுக்குப் பலாமரம். மொட்டைக் கழுத்துக்குக் குளிருமே என்று என் கம்பளி மப்ளரைக் கொடுத்துவிட்டாள். அவை என்ன தின்னும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, தயிர்சாதம் என்றேன். ஏகாதசிக்கு என்ன செய்யும் என்றாள். உபவாசம் இருக்கும் என்றேன். தீட்டு, மடி எல்லாம் எங்கள் கோழிகளுக்கு உண்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம்கூட உண்டு.

ஒருநாள் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நம்மாத்துக் கோழி முட்டை போடாதா அப்பா?"

டம்ளரை மறுபடி அவள் வாயருகில் கொண்டுபோனேன். "போடாது" என்றேன்.

"பின்னே எதுக்கு வளர்க்கறோம்?"

"பார்க்கறதுக்கு."

அவள் யோசித்துவிட்டு மீதிப் பாலைக் குடித்தாள். நிமிர்ந்தால், கதவருகில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"கொழந்தைக்குச் சொல்ல வேறே கதையே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரலில் இருந்தது கோபமா, அலுப்பா, சந்தேகமா என்று அன்று முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். கச்சேரியில் கூட்டலெல்லாம் தப்பாகப் போயிற்று.

இப்படியிருக்கும்போது செங்கோட்டைத் தாலுகாவுக்கு மூன்று வாரத் தணிக்கைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போகாமல் இருக்க முடியாது. நண்பரை முட்டையோடு அக்ரஹாரத்துக்கு வரச் சொல்லவும் முடியாது. குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். செங்கோட்டையில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. பட்ட பாடெல்லாம் வீணாகப் போகிறது என்று தனியாக உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து வாசலில் வண்டியை விட்டு இறங்கினால், என் குழந்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி என்னிடம் நடந்து வந்தாள். அவளை அப்படியே வாரிக்கொண்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அது அடங்குவதற்குள் குழப்பம் பிடித்துக்கொண்டது. முட்டை இல்லாமலே கால் வரும் என்றால் நான் இத்தனை நாள் யாரை ஏமாற்றினேன், எதற்காக ஏமாற்றினேன்?

"தினமும் டானிக் குடிச்சேனே அப்பா" என்றாள் குழந்தை.

கொல்லைக்குப் போனேன். மனைவி கிணற்றடியில் ஈரப்புடவையோடு நின்றிருந்தாள்.

"டானிக் ஏது?" என்றேன்.

"ஆத்தங்கரைக்கு அந்தண்டை ஒரு வீட்டில கோழி இருக்கு. நான்தான் போய் வாங்கிண்டு வந்தேன்."

"நீயா? உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே அந்த டம்ளர் நாறித்து. தேய்க்கறது நான்தானே? நீங்க சொல்லலை, நானும் கேட்கலை. தேய்ச்சுட்டுக் குளிச்சேன்."

வாயில் வந்ததைக் கேட்டேன். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரிஞ்சு போச்சு. நான் முட்டையும் கையுமா ஆத்தைக் கடந்து வரச்சே யாரோ பார்த்திருக்கா. இனிமே இந்தாத்து வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அம்மாவையும் வர விடலை."

அவள் அழவில்லை. தலையைத் துவட்டி முடித்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்த பால் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

"இன்னும் எத்தனை நாள் கொடுக்கணும்னு டாக்டர்கிட்டக் கேட்டுண்டு வாங்கோ" என்றாள்.