பின்பக்கத்துக் கனம்

என் சகலையும் நானும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தோம். மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு அவர் நெய்வேலிக்கு வந்தபோது, பக்கத்து பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்போதெல்லாம் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமனார் பஸ் ஏறி வந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். சகலை கார் செய்ய ஆரம்பித்த பிறகு அது மாறிவிட்டது.

முழுக் கார் என்று சொல்ல முடியாது. நீளமான மூக்கும் ஸ்போக்ஸ் சக்கரமுமாகப் பழங்காலப் பந்தயக் கார்கள் மலையேறும் படத்தை எந்தப் பத்திரிகையிலோ பார்த்திருக்கிறார். அதே மாதிரி இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, எண்ணெய் பீப்பாய்த் தகட்டைத் தட்டி மூடி, பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தினார். செயின் பின்சக்கரங்களை இழுக்கும். வீட்டுக்குப் பின்னால் எந்நேரமும் தட்டல் சத்தம்தான்.

மாமனார் தோள் துண்டால் அந்தச் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் என் மனைவி ரெக்ஸின் துணியில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அது?”

“தங்கச்சி வீட்டுக்காரர் காருக்கு சீட்டு.”

என் சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று ஊசியை எடுத்து நானே தைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மலை ஏது? சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய பழைய மண்மேடு ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே குடும்பமாகக் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். ஷிப்ட் முடிந்தவர்களும் கூடிவிட்டார்கள். சகலை கிளப்பினார். கார் சீறிக்கொண்டு பாதி மேடு ஏறியது. அப்புறம் பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றி மண்ணை வாரியிறைத்தன. கார் மெல்லப் பின்னால் சரிந்து இறங்கியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சகலை இறங்கி, நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணே, பின்னாடி கனம் பத்தல. நீங்க உக்காந்தா ஏறிடும்.”

நான் தயங்கினேன். மாமனார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “போய் உக்காருங்க பெரிய மாப்ள. நம்ம வூட்லயே நீங்கதான நல்ல கனம்!”

கூட்டம் சிரித்தது. பின்பக்கம் ஒரு பலகையைக் கட்டினார்கள். கீழே நிற்பவர்களைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்தேன். இந்த முறை சக்கரங்கள் மண்ணைக் கவ்விப் பிடித்தன. என் முகமெல்லாம் மண் அடிக்க, ஆட்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள். என் மனைவி கைதட்டுவது தெரிந்தது. சட்டென்று கார் மேட்டின் உச்சியில் சமதளத்தில் நின்றது. தூரத்தில் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் சகலை கத்திவிட்டார்.

மூச்சிரைக்க மேலே வந்த மாமனார் துண்டைச் சகலையின் கழுத்தில் மாலையாகப் போட்டார். நான் மண்ணைத் துப்பிக்கொண்டு நின்றேன்.

“நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்” என்றேன்.

“அதுக்கென்னண்ணே! நான் பின்னாடி உக்கார்றேன்” என்றார் சகலை உடனே.

அவர் ஒல்லி. பாதி மேட்டில், முன்பு நின்ற அதே இடத்தில், சக்கரம் சுற்றியது. கார் சரிந்தது.

“தப்பு உங்க மேல இல்லண்ணே. என் எடைதான் பத்தல” என்றார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு நடக்கையில் மனைவியிடம் கேட்டேன்: “யாருக்குக் கை தட்டினே?”

“ரெண்டு பேருக்கும்தான். நீங்க உக்காரலன்னா அது ஏறியிருக்குமா?”

ரெண்டு பேருக்கும் என்றது எனக்குப் போதவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் சகலை கூப்பிட வந்தார்; போனேன். மேலே சேரும்வரை சந்தோஷம், சேர்ந்ததும் எரிச்சல். சில மாதம் கழித்து சகலை தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“அண்ணே, உங்களுக்கு வாராவாரம் தொந்தரவு. கேன்டீன்ல நல்ல தாட்டியா ஒருத்தர் இருக்காரு. அவர உக்கார வச்சிக்கலாம்னு பாக்கறேன்.”

“வேண்டாம், நானே வர்றேன்” என்றேன்.

மறுநாள் கேன்டீனில் அந்த மனிதர் என் இலையில் பொங்கல் வைத்தபோது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.