சீருடைக்காரரும் உதை வாங்கியவரும்

கதீட்ரலைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையோரப் புளியமரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. துணிப்பைக்குள் நான் பாதி எழுதி நிறுத்திய இசைத்தாள் கட்டு இருந்தது. தாள் மதாமுடையது, கோபத்தில் எடுத்து வந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் எண்ணமில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

மதாம் ஒரு பிரெஞ்சு விதவை. சைகோனில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் வியட்நாமியருக்கும் சண்டை ஆரம்பித்ததிலிருந்து பிரான்சிலிருந்து அச்சிட்ட இசைத்தாள்கள் ஒழுங்காக வரவில்லை. இருக்கிற பிரதியைப் பார்த்துக் கையால் எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலில் பாதிரிமார் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்ததும், அதன்பின் நாடகக் கம்பெனியில் பிடில் வாசித்ததும் சேர்ந்து எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தன. ஒன்றரை வருடம் எழுதியதில் அந்தப் புள்ளிகளை வாசிக்கவும் வந்துவிட்டது.

நான் எழுதியதில் பெரும்பகுதி பழைய காலத்து ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் இரண்டே பேருடையது. இருவரும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் இருந்தவர்கள், பழக்கமானவர்களும்கூட. மூத்தவர் ஒரு பிரபுவின் மாளிகையில் வேலைக்காரர் உடுப்பு போட்டுக்கொண்டு முப்பது வருடம் இருந்தார். பிரபு கேட்ட நேரத்துக்குக் கேட்டதை எழுதிக் கொடுத்தார். இளையவர் எஜமானிடம் வேலையிலிருந்து விடுதலை கேட்கப் போய், அங்கிருந்த அதிகாரியிடம் உதை வாங்கி வெளியே வந்தார். அப்புறம் வாடகை வீடு வாடகை வீடாக மாறி முப்பத்தைந்து வயதில் செத்துப்போனார். பெயர்கள் என் வாயில் சரியாக நுழையாததால் ஒருவரைச் சீருடைக்காரர் என்றும் மற்றவரை உதை வாங்கியவர் என்றும் வைத்துக்கொண்டேன்.

மதாமுக்குச் சீருடைக்காரர்தான் உசத்தி. "அவருக்குப் பொறுமை இருந்தது. அதனால்தான் அவ்வளவு எழுத முடிந்தது" என்பார். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சலாக வரும். அவர் எழுதியதைக் கையால் எழுதிப் பார்த்தவன் நான். அதில் எங்கே பொறுமை? நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிடுவார். முடிந்துவிட்டதென்று பேனாவை வைத்தால் அடுத்த வரியில் ஆரம்பிப்பார். உடுப்புக்குள் இருந்துகொண்டே எஜமானைக் கேலி செய்கிற ஆள். மற்றவரிடம் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவே இடம் கிடைக்காது. சிரித்துக்கொண்டே வருவார், ஒரே ஒரு சுரத்தை அரைப்படி இறக்குவார், வீடே இருட்டிவிடும். கஷ்டப்பட்டவரின் எழுத்தில் அடித்தல் திருத்தல் மாதிரி ஏதாவது கேட்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எரிச்சல்தான்.

சண்டையில் தோற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. ஆற்றங்கரை ஹோட்டலின் வாத்தியக் குழுவில் பிடில் நாற்காலி ஒன்று காலியானது. குழுத் தலைவர் ஞாயிறு மாலை மதாம் வீட்டுக்கு வருவார், உதை வாங்கியவரின் மெதுவான உருப்படி ஒன்றை நான் வாசிக்க வேண்டும், சரியாக வாசித்தால் அந்த நாற்காலி எனக்கு. கம்பெனி கலைந்தபின் பதினொரு வருடமாகக் கிடங்கு, கப்பல் சமையலறை, சோப்புக் கடை என்று அலைந்தவனுக்கு மறுபடி வாத்தியக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி. மதாமின் கணவர் வைத்துவிட்டுப் போன பிடிலில், நின்றபடி, தாடையில் இடுக்கிக்கொண்டு மூன்று வாரம் சாதகம் செய்தேன்.

ஞாயிறு மதியம் பயம் வந்துவிட்டது. அது போக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பின்வராந்தாவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தந்திகளை இறக்கி நம்முடைய சுருதிக்கு வைத்து, அரைமணி நேரம் தோடி வாசித்தேன். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட்டுக்கு ஒரு சுருதி, ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு சுருதி. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

குழுத் தலைவரோடு மதாமின் விருந்தினர் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். மதாம் இருவரின் வாழ்க்கையையும் ஒப்பிட்டு நீளமாகப் பேசி, வழக்கம்போலப் பொறுமையில் முடித்தார். பியானோவுக்குச் சரியாகத் தந்தியை ஏற்றினேன். மழைக்கால ஈரம், பழைய தந்தி. மெல்லிய தந்தி அறுந்து என் கன்னத்தில் அடித்தது. வீட்டில் வேறு தந்தி கிடையாது. கத்தினா தெருவில் தந்தி விற்ற கடைக்காரரும் கப்பலேறிவிட்டார்.

மூன்று தந்தியிலேயே வாசித்தேன். மேலே போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் இரண்டாவது தந்தியில் விரலை இழுத்துக்கொண்டு ஏறினேன். இழுத்தால் நம் கைக்குக் கமகம் வராமல் இருக்குமா? முன்வரிசையில் ஓர் அம்மாள் விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். குழுத் தலைவர் பாதியிலேயே தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

எல்லாரும் போனபிறகு மதாம் கேட்டார்: "பிடிலின் சுருதியைத் தொட்டாயா?"

"தொட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"எங்களில் அதற்கு யாரையும் கேட்பதில்லை, மதாம்."

"உனக்குப் பொறுமை இல்லை. இன்னும் ஒரு வருடம் எழுது. பிறகு பார்க்கலாம்."

அவருடைய பெட்டிகளே கூடத்தில் பாதி கட்டப்பட்டுக் கிடந்தன. எந்த ஒரு வருடம்?

"பொறுமையாக இருந்தவருக்கு மூன்று வேளைச் சோறு இருந்தது, மதாம்" என்றேன்.

"அப்படியானால் மற்றவரைப் போலப் போ" என்றார். போனேன்.

மாரியம்மன் கோயில் தெருவைக் கடந்து மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த துணிக்கடைக்கு வந்தபோது அதன் முதலாளி, நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், கடையை அடைக்கப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் காரைக்கால்தான். அவர் கடை மாடியில்தான் எனக்குப் படுக்கை; அந்த இருவரின் கதையையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். கன்னத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, உதை வாங்குனவருக்கு வக்காலத்து பேசப் போயி நீயும் வாங்கிட்டு வந்துட்டியா?"

"தந்தி அடிச்சது நானா."

"ஆளு அடிக்கலியே, அந்த மட்டும் பரவாயில்ல. நாற்காலி?"

"போச்சு."

"நின்னுக்கிட்டுத்தானே வாசிக்கிறே, ஒனக்கு எதுக்கு நாற்காலி?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துப் பலகையைக் கீழே வைத்தார். "துறைமுகக் கிடங்குல பிரெஞ்சு எழுத்துத் தெரிஞ்ச ஆளு கேக்குறாங்க. வெள்ளக்காரன் சாமான் கட்டுற எடம். காலைல போயிப் பாரு."

காலையில் போனேன். மேஸ்திரி வியட்நாமியர். பெயர்கூடக் கேட்காமல் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் நீட்டி, ஆளுயரப் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே பியானோ. தந்திகளைத் தளர்த்தித்தான் அடைத்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மார்சேய் என்று பிரெஞ்சுத் துறைமுகத்தின் பெயரை எழுதினேன். அதன் கீழே மேல்நோக்கி ஓர் அம்பு போட்டேன். கோணல் இல்லாமல் வந்திருந்தது. மேஸ்திரி தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டியைக் காட்டினார். அதுவும் பியானோதான்.