முழங்காலுக்கு மேல் எழும்பாத பந்து

எங்கள் மாமா கால்பந்து ஆடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அவர் எங்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அம்மாவின் தம்பி, அம்பத்தூரில் ஐ.டி. வேலை, வாசம் ஆவடி பக்கம் சேக்காட்டில், மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட்டில். அணி என்பது ஃபிளாட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், மைதானம் என்பது கீழே கார் நிறுத்தும் இடம். ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண், பலமாக உதைப்பதும் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. மாமா பயிற்சியாளர் ஆவதற்கு முந்தின வாரம்தான் என் உதையில், முதல் மாடியில் இருந்த ஃபிளாட் சங்கச் செயலாளர் வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணாடி நொறுங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா லேப்டாப்போடு கீழே வந்து ஏதோ வெளிநாட்டு அணியின் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். அவர்கள் ஓங்கி உதைக்கவே இல்லை. ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். "பந்து நம்மகிட்டயே இருந்தா அவங்க எப்படிப்பா கோல் போடுவாங்க?" என்றார் மாமா. அன்றிலிருந்து ஒரே சட்டம்: பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது, எழுப்பியவர் பத்து நிமிஷம் வெளியே.

முதல் வாரம் நான் பெரும்பாலும் வெளியேதான் இருந்தேன். இரண்டு மாதத்தில் கார்களுக்கு நடுவே, தூண்களைச் சுற்றி, யார் மேலும் படாமல் பந்தைத் தள்ளப் பழகிவிட்டோம்.

பொங்கல் விடுமுறையில் நெமிலிச்சேரிப் பையன்களோடு ஆட்டம். மண் மைதானம், நிஜக் கோல் கம்பங்கள். ஜெயிக்க வேண்டும், அதுவும் நான் கோல் அடித்து ஜெயிக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பந்து எங்களை விட்டுப் போகவே இல்லை. துரத்தித் துரத்தி அவர்களுக்கு நாக்குத் தள்ளிப்போனது. அவர்களில் ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்று எங்களைப் பார்த்து, "இன்னா மாமே, கோல் அடிக்க வந்தீங்களா, பந்த வச்சிகினு குடும்பம் நடத்த வந்தீங்களா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் கேட்டதும் சரிதான். அவர்களால் கோல் போட முடியவில்லை. நாங்களும்தான் போடவில்லை.

கடைசி நிமிஷத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் வழுக்கி விழுந்தான். பந்து என் காலில், எதிரே காலிக் கோல். ஓர் உதை போதும். நான் பக்கத்தில் இருந்தவனுக்கு மெல்லத் தள்ளிவிட்டேன். அவன் தனக்குப் பின்னால் இருந்தவனுக்குத் தள்ளினான். நடுவில் புகுந்த நெமிலிச்சேரிக்காரன் ஒருவன் குருட்டாம்போக்கில் விட்டான் ஓர் உதை. பந்து எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே பறந்துபோய் எங்கள் கோலுக்குள் விழுந்தது.

திரும்பும் ரயிலில் அழுதுகொண்டே, "உங்களாலதான் மாமா தோத்தோம், உங்களுக்கு ஃபுட்பாலே தெரியாது" என்றேன், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. "ஆமா, தெரியாதுதான்" என்றார் மாமா. ஆவடியில் இறங்கியதும் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். சமோசாவைத் தின்றுவிட்டு, அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் எங்கள் ஃபிளாட் சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். கூடவே பழைய கூட்டக் குறிப்பு நோட்டும் வந்தது. புரட்டியபோது, கண்ணாடி உடைந்த வாரத்துக் கூட்டம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் இனிமேல் கீழே விளையாடக் கூடாது என்று முடிவாகி, எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே இன்னொரு வரி: "பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாமல் பார்த்துக்கொள்வதாக மூன்றாம் மாடி வீட்டார் பொறுப்பேற்பதால், விளையாட்டு தொடரலாம்." பக்கத்தில் மாமாவின் கோணல் கையெழுத்து.

அவருக்குக் கால்பந்து தெரியாது என்று நான் ரயிலில் சொன்னது உண்மைதான். அந்த வெளிநாட்டு ஆட்டத்தை எங்கெல்லாம் தேடிப் பிடித்தாரோ. கண்ணாடி உடைந்த அடுத்த ஞாயிறே அது ஏன் வந்தது என்று ஆறாம் வகுப்புக்காரிக்குக் கேட்கத் தோன்றவில்லை. பந்தை விடாதே என்று மாமா சொன்னதெல்லாம் ஜெயிப்பதற்காக என்றே நினைத்திருந்தேன்.