உல்லாஸ்நகர் வசந்தா

என் நாவலுக்கு வந்த முதல் பாராட்டுரையை எழுதியவள் நானே!

இணையக் கடையில் அதன் கீழே இருக்கும் பெயர் வசந்தா, உல்லாஸ்நகர். அப்படி ஒரு பெண் கிடையாது. அவளை நம்பி நீங்கள் என் புத்தகத்தை வாங்கியிருந்தால்... உங்களை ஏமாற்றியிருக்கிறேன்.

மாட்டுங்காவில் வீடு, செம்பூரில் அலுவலகம். எந்தப் பதிப்பகமும் பதில்கூடப் போடாததால் நாவலை நானே அச்சிட்டு, நானே கடையில் ஏற்றினேன். மாதங்கள் போயின. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மோசம் என்றாவது சொல்லக் கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வசந்தாவைப் படைத்தேன். 'அருமை' என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். விடுவேனா, எழுத்தாளர் அல்லவா! அவளுக்கு ஒரு மகனைக் கொடுத்தேன். அவனை ஓடும் ரயிலிலிருந்து விழச் செய்தேன். அதுவரை அழ முடியாதிருந்தவள் என் புத்தகத்தைப் படித்துத்தான் அழுதாளாம். அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லையாம்.

என் நாவல் முழுவதிலும் அப்படி ஒரு பத்தி இல்லை. அது எனக்கே தெரியும்.

பிரதிகள் நகரத் தொடங்கின. புத்தகத்திலிருந்த எண்ணைப் பார்த்து அம்பர்நாத்திலிருந்து ஒருவர் அழைத்தார். ஆறுமுகம், ஆலைத் தொழிலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே சந்தித்தோம்.

"கதை நல்லாத்தான் இருக்கும்மா" என்றார், மரியாதைக்கு. "ஆனா அந்த வசந்தாம்மா எழுதினதத்தான் திரும்பத் திரும்பப் படிக்கேன். எம்மவனும் ரயில்லதான் போனான். அவன் சட்டையும் அப்படியே கெடக்கு. பொண்டாட்டிகிட்டகூட அதப் பேசினதில்ல. அந்தம்மாவ ஒரு தடவ பாக்கணும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்! வாயைத் திறந்தேன்...

"அவங்க யாரையும் பார்க்கறதில்லே."

"வாஸ்தவந்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." தலையாட்டினார். "அந்தப் பையன் பேராவது தெரியுமாம்மா?"

"கார்த்திக்."

யோசிக்கவே இல்லை. எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். கைகூப்பினார். போய்விட்டார்.

இப்போதெல்லாம் அவர் மனைவியோடு மகனைப் பற்றிப் பேசுகிறாராம். சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்களாம். என் பொய்யா இதைச் செய்தது? அப்படியானால் அதை என்னவென்று சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த ஆறுதலையும் பிடுங்கிக்கொள்வேன். சொல்லாவிட்டால்... அவருடைய துக்கத்தை வைத்துப் புத்தகம் விற்றவளாகவே இருப்பேன். எது பெரிய பாவம்? எனக்குத் தெரியவில்லை!

அந்தப் பாராட்டுரையை அழித்துவிடவும் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இல்லாத பிள்ளையை இரண்டாம் முறை கொல்வதுபோல் இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம் இது!

சென்ற வாரம் மறுபடி அழைத்தார்.

"அமாவாசைக்குக் கோயில்ல ரெண்டு பிள்ளைகளுக்கும் சேத்து மோட்ச தீபம் ஏத்தப் போறோம்மா. கார்த்திக்குக்கு என்ன நட்சத்திரம்னு அந்தம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதியளா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

யாரிடம் கேட்பது? ஆனாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு, கேட்டுவிட்டு வந்தவளைப்போல அவரை அழைத்தேன்.

"ரோகிணி" என்றேன்.