விட்டுப்போன துணைக்கால்

பாவாயி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லாரி ஆபீசுக்குத்தான் வந்தது. சங்ககிரியில் எங்கள் தெருவுக்கே போன் இருந்தது அங்கே மட்டும்தான். புக்கிங் கிளார்க் வாசலில் வந்து நின்று, "ஏனுங்கக்கா, பாவாயிங்கறவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். கூட வேலை பார்க்கிறவர் என்றேன். காலையில் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டாராம், மத்தியானம் எடுக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். மஞ்சள் காமாலை என்று இருபது நாள் லீவு போட்டிருந்தவர். நாற்பத்தாறு வயது.

அவர் எனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி போன பங்குனியிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. அவரோடு வேலை பார்த்தவர்களும் பழகியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி, அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பழைய குமாஸ்தா ஒருவர் செய்த பிழையைப் பற்றிப் பேசப் போகிறேன், அவருடைய பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். பதிவாகும் பத்திரங்களைக் கையால் பெரிய புத்தகங்களில் நகல் எழுதுவது என் வேலை. அந்தப் புத்தகங்களை அறையில் அடுக்கிக் காப்பதும், நான் எழுதியதை மூலத்தோடு ஒப்புப் பார்ப்பதும் அக்காவின் வேலை. நான் படிக்க, அவர் மூலத்தில் விரலை வைத்துக்கொண்டு வருவார். மற்றவர்கள் சொல் சொல்லாகப் பார்ப்பார்கள், அவர் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். "கொம்பு இருக்குதா? கால் இருக்குதா?" என்று ஒவ்வொரு 'கொ'வுக்கும் கேட்பார். ஒருநாள் சலித்துப்போய், ஒரு கால் விட்டுப்போனால் ஊர் முழுகிவிடுமா என்று கேட்டேன். "மனுசனுக்குக் கால் போனா அவன் மட்டும் நொண்டுவான் சாமி. எழுத்துக்குக் கால் போனா ஊரே நொண்டும்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அது எழுபத்திரண்டாம் வருஷம். எந்த ஊர் என்று கேட்டேன். மல்லசமுத்திரம் போகிற வழியில் ஒரு ஊரைச் சொன்னார். "அந்தக் குடிகெடுத்தான் மேட்டுக்குப் பக்கமாக்கா?" என்றேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊரென்றால் அந்த மேடுதான். பாதையோரம் ஆள் உயரத்துக்குக் கற்குவியல். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்து, த்தூ என்று துப்பிவிட்டுப் போவார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ராக்கியண்ணன் என்று ஒருவன் ஊர்க் கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடி, தடியோடு காவல் நின்று, ஒருவரையும் தண்ணீர் மொள்ள விடாமல் பாதி ஊரைச் சாகடித்தான் என்று கதை. நானும் சின்ன வயதில் மாமன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எறிந்திருக்கிறேன். குறி தப்பாது எனக்கு.

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆமாங்க சாமி. நானே அந்தக் குடிகெடுத்தான் ஊட்டுப் புள்ளைதான்" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "அரிசியும்பருப்பும் இருக்குது. எங்க ஊட்டுத் தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாது, தைரியமாச் சாப்புடு" என்று பாதியை என் மூடியில் வைத்தார். அன்றிலிருந்து பதினான்கு வருஷம் அந்த டப்பாவில் எனக்குப் பாதி இருந்தது.

என் அண்ணன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் லோடு இறக்கிவிட்டு என்னை அழைத்துப்போக ஆபீசுக்கு வருவான். கொஞ்ச நாளில் லோடு இல்லாத வெள்ளிக்கிழமையும் வந்தான். இரண்டு வருஷம் இப்படியே போனது. அப்புறம் என்னிடம், அந்தப் புள்ளையைக் கேட்டுச் சொல் என்றான். கேட்டேன். அக்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அந்த வகையறாவில் பெண் எடுக்கச் சுற்றுப்பட்ட ஐந்து ஊரிலும் ஆள் கிடையாது. "எங்க ஊட்டுப் பேரு தெரிஞ்சுதான் கேக்கறாராமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்கு என்றார்.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கல்லெறியற எடத்துல பொண்ணெடுக்கறதா? நாளைக்கு எம்பேரன் மேலயும் எறிவாங்க." அண்ணன் பத்து நாள் பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். நான் பேசியிருக்கலாம். இரண்டு வருஷமாக அவர் கையால் சாப்பிடுகிறேன், இப்படி ஒரு மனுசியைப் பார்த்ததில்லை என்று அப்பாவிடம் நான் ஒருத்தி சொல்லியிருக்கலாம். அப்பா முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம்தான் அக்கா மத்தியான இடைவேளையில் புத்தக அறைக்குள் போக ஆரம்பித்தார். "எங்க பாட்டனுக்கும் பாட்டன் நெசமா என்ன பண்ணுனாருன்னு பாக்கறேன்" என்றார். அவர்கள் ஊர் நிலங்கள் விற்ற பத்திரங்களில் நான்கெல்லை எழுதும்போது, குடிகெடுத்தான் கல்லுக்கு மேற்கு, வடக்கு என்று அந்த மேடு அடிக்கடி வரும். ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போனால் எங்காவது விஷயம் இருக்கும் என்பது அவர் கணக்கு. அறையில் அவர் வைத்திருந்த ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், பார்த்த பக்கத்தில் ஒரு காகிதச் சீட்டை வைத்து, பார்த்த தேதியைப் பென்சிலில் எழுதுவார். மறுபடி திறந்தால் அதன் கீழேயே அடுத்த தேதி. ஆபீசர் ஒருமுறை, இதையெல்லாம் யாரம்மா கேட்கிறார்கள் என்றார். "பொஸ்தகம் கேக்குமுங்க" என்றார் அக்கா.

மறு வருஷம் ஆனியில் அண்ணனுக்கு வேறு இடத்தில் உறுதியாயிற்று. ஆவணியில் கல்யாணம். பத்திரிகையை அக்காவிடம் கொடுக்கக் கை கூசியது. வாங்கி, பெண்ணின் பெயரை விரலால் தொட்டு, ஒப்புப் பார்ப்பது போலவே எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லீங்களா?"

"இல்லைக்கா. அம்மா மட்டும்தான். ஏற்கெனவே ஒரு தடவை உறுதி பண்ணி, முகூர்த்தக்கால் நட்டதுக்கு அப்புறம் நின்னு போச்சாம்."

"அடப் பாவமே. இன்னொருக்கா நின்னா அது உசுரோட இருக்குமா?" என்றவர், பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லாருக்கட்டும் சாமி. அந்தக் குடி நல்லாருக்கட்டும்." கல்யாணத்துக்கு வந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எழுபத்தெட்டில் அண்ணன் மகனுக்குக் காது குத்தினோம். அதற்கும் வந்து, அண்ணியின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். என் நங்கையும் அக்காவும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான், பிறகு விடவே இல்லை. அடுத்த வாரம், திங்களோ செவ்வாயோ, புத்தக அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

மிகப் பழைய புத்தகம் ஒன்று. ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. பக்கத்தில் இருந்த சீட்டை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வரியைக் காட்டினார். ஊரார் சேர்ந்து எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் அது. தாது வருஷம் பேதியிலே ஒரு மகன் நீங்கலாகத் தன் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, நஞ்சாகிப்போன ஊர்க் கிணற்றைப் பலகைக்கல்லால் மூடி, அல்லும் பகலும் காவல் நின்று, காவேரியிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊரைக் காத்த குடிகொடுத்தான் ராக்கியண்ணன் பேருக்கு ஊரார் ஒருமனதாய் விட்ட நிலம் என்று இருந்தது.

கிணறு மூடியது உண்மை. தடியோடு நின்றது உண்மை. ஊரில் பாதி செத்ததும் உண்மை. தன் குடியைக் கொடுத்து ஊர்க்குடியைக் காத்தவன் என்று ஊரே வைத்த பேர் அது. அடுத்த புத்தகத்தையும் திறந்து காட்டினார். அந்த நிலத்துக்குப் பக்கத்து நிலம் விற்ற பத்திரத்தில், வரியின் கடைசியில் 'குடிகெ' என்று எழுதி, இடம் போதாமல் துணைக்காலை அடுத்த வரியின் தொடக்கத்தில் போட்டிருந்தார் அந்தக் குமாஸ்தா. அதற்கு அடுத்து எழுதியவர் அதைப் பேனா இழுத்துவிட்ட கோடு என்று நினைத்து விட்டுவிட்டார். அங்கிருந்து எல்லாப் பத்திரத்திலும் கெடுத்தான்.

"வாயால சொன்னா நாம குடுத்தான்னுதான் சொல்லுவோம். அத கெடுத்தான்னு ஆக்குனது வாயில்ல சாமி, கையி" என்றார். பஞ்சத்தில் பிழைத்தவர்களில் பாதிப் பேர் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள், விஷயம் தெரிந்தவர்கள் செத்தும் போனார்கள். பத்திரம் படிக்கக் கேட்டவர்கள் பேரை மாற்றிக்கொண்டார்கள். "பேரு மாறிப்போச்சுன்னா, கதெ தானா பின்னால வந்து ஒட்டிக்கும்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி இது கிடைச்சிருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன். "இன்னிக்குத்தானே கண்ணுல பட்டுச்சு, என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, சீட்டை மறுபடி பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு ஐந்து ஊர்க்காரர்கள் கூடிய இடத்தில், முறைப்படி வாங்கிய நகலைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா எழுந்து படித்தார். பெரியவர் ஒருவர், "பத்திரத்துல இருந்தா நெசமாயிருமா? எவனோ எழுதறவன் எழுதுனது" என்றார். "நீங்க கெடுத்தான்னு சொல்றதும் எவனோ எழுதறவன் எழுதுனதுதானுங்களே" என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். கற்களை அள்ளிக் கொட்டிவிடலாமா என்று இளவட்டங்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றார். "மொதக் கல்ல மருவாதிக்குத்தான் வெச்சிருப்பாங்க. எறிஞ்ச கல்லும் வெச்ச கல்லும் ஒண்ணாத்தான் கெடக்குது. இனிமே குனிஞ்சு வெச்சாப் போதும்."

மாமன் வீட்டு நோம்பிக்கு வந்திருந்த எங்கள் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மேட்டுக்கு நடந்துபோய், முழங்கால் வலியோடு குனிந்து ஒரு கல்லை வைத்தார். திரும்பும்போது அக்காவுக்கு எதிரில் நின்று, "தப்புப் பண்ணிப்போட்டனே சாமி" என்றார். அக்கா, "வெயில்ல நிக்காதீங்க, வாங்க, ஊட்டுல மோர் இருக்குது" என்று அழைத்துப் போனார். அப்பா அந்த வீட்டில் மோர் குடித்தார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தம்பி பெண்கள் இரண்டு பேருக்கும் ஐந்து ஊருக்குள்ளேயே நல்ல இடத்தில் ஆனது.

இதுவரை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இனிமேல் வருவது.

அக்காவின் காரியம் முடிந்து ஆபீசுக்குப் போன அன்று, அவர் கை பட்ட எதையாவது தொட வேண்டும் போல இருந்தது. புத்தக அறைக்குப் போய் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தேன். பக்கம் தானாகத் திறந்தது. சீட்டு அங்கேயே இருந்தது. அதில் பென்சிலில் ஒரு தேதி இருக்கும் என்று நினைத்தேன், இரண்டு இருந்தன. கீழே இருந்தது எழுபத்தெட்டு. மேலே இருந்தது எழுபத்தைந்தாம் வருஷம், ஜூலை கடைசி. ஆடி மாதம். அண்ணனுக்கு உறுதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த வரியை அன்றைக்கு அவர் வெளியே சொல்லியிருந்தால் அப்பா இறங்கியிருப்பார், அண்ணன் தாவி வந்திருப்பான். அந்த அப்பனில்லாத பெண்ணின் கல்யாணம் இரண்டாவது தடவையாக நின்றிருக்கும். நூறு வருஷத்துப் பொய்யைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர், அந்த ஒரு உண்மையை மட்டும் மூன்று வருஷம் மடியில் கட்டிவைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வீடும் பிள்ளையும் ஆகி, அந்தப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவிழ்த்தார். என்னிடம் வாயால் பொய் சொன்னார். சீட்டில் பொய் எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

இதை எழுதலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் என் நங்கை. அவரிடம் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போ என்றார். போனோம். ராக்கியண்ணன் மேட்டின் ஓரமாகத் தள்ளி, கொஞ்சம் இடத்தை முந்தானையால் கூட்டித் துடைத்தார். ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து, இரண்டு கையாலும் வைத்தார்.

"எழுதுங்க. அவங்க உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. எனக்குக் குடி குடுத்தவங்க" என்றார்.

பாவாயி அக்கா, உங்களை ஒரு தடவைகூட நங்கை என்று கூப்பிட எனக்கு வாய்க்கவில்லை. சீட்டு என்னிடம் இருக்கிறது. புத்தகத்திலிருந்து எடுத்தது குற்றம்தான், எடுத்த தேதியை அதில் மூன்றாவதாக எழுதியிருக்கிறேன்.