சேகரின் இடது கண்

சேகர் போய்விட்டான்.

எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் பேனர், கல்யாண அட்டை, மரண அறிவிப்பு எல்லாம் டிசைன் செய்து அச்சடித்துக் கொடுப்பானே, அந்தச் சேகர்தான். மாரடைப்பு என்றார்கள்.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தைப் பார்த்தேன். கோட்டு போட்ட ஆள், பளபளவென்று வெளுத்த முகம், தலை நிறைய முடி... தேர்தலில் நிற்கிற யாரோ என்று தள்ளிவிடப் போனேன்.

அப்புறம்தான், கீழே எழுத்து இருக்கிறதே, படித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. சே... க... ர். அடுத்த வரியில் குனோங் ராபாட். கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு எழுத்து தெரிந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளிலிருந்து மனிதர்களை முகத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இந்த முறை முகம் பொய் சொன்னது. எழுத்துதான் உண்மையைச் சொன்னது.

நான் அவன் கடைக்குப் பக்கத்து மரச்சாமான் கடையில் காவல் வேலை பார்க்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் அவன் முதல் கேள்வி, "அண்ணே, பசியாறியாச்சா?"

எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் அவன்தான் பேனர்களை வாசித்துக் காட்டுவான். ஒரு மரண அறிவிப்பை, "இவரு கடைசி வரைக்கும் தேத்தண்ணியில சீனி பத்தலன்னு சொல்லிக்கிட்டே போனாரு" என்று வாசித்தான். நானும் நம்பி, பாவம் என்றேன்.

நான் எழுத்துக்கூட்டப் பழகிய பிறகு ஒருநாள் அவன் கடைப் பலகையை நானே நின்று சத்தமாகப் படித்தேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "போச்சுலா! இனிமே அண்ணேகிட்ட கதை விட முடியாதே!"

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்... இன்னும் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. செத்தவனைப் பற்றி எழுதும்போது சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

இறந்தவர் படம் செய்வதில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐசி, அதாவது அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவருவார்கள். கோட்டு போடச் சொன்னால் கோட்டு போடுவான், பட்டுப்புடவை என்றால் பட்டுப்புடவை. நானே கேட்டிருக்கிறேன், "ஏம்பா, இந்த மனுசன் ஆயுசுல கோட்டு போட்டதே இல்லையே?"

"துணிய மாத்தலாம் அண்ணே. மூஞ்சியில மட்டும் கைய வைக்க மாட்டேன். சொந்தக்காரன் பாத்து அழணும்ல?" என்பான். சொல்லிவிட்டு இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையில் நிறம் பார்ப்பான். பார்த்துப் பார்த்து அந்தக் கண்ணே சின்னதாகிவிட்டது.

அப்புறம் இந்த ஏஐ வந்தது. கைபேசியிலேயே பேனரைச் செய்து கொண்டுவந்து, "பிரிண்ட் மட்டும் போடுங்க" என்றார்கள். ஒரு கோவில்காரர்கள் கொண்டுவந்த முனீஸ்வரர் சிவப்பாக, உடற்பயிற்சி செய்கிறவர் மாதிரி இருந்தார். கையில் சுருட்டைக் காணோம். சேகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இது எந்த எஸ்டேட்டு முனிண்ணே? நம்மளத் தெரியாத மாதிரில்ல பாக்குறாரு!"

ஆனால் அவனும் அதைக் கற்றுக்கொண்டான். அரை நாள் வேலை நிமிடத்தில் முடிந்தது. "நல்லதுதானே?" என்று கேட்டேன். "வேலை முடியுதுண்ணே. முன்ன ஆளுங்க பக்கத்துல உக்காந்து, இத மாத்து, அத மாத்துன்னு உசுர எடுப்பானுங்க. இப்ப ஒருத்தனும் உக்கார மாட்டேங்கிறான்" என்றான். காலியான நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டான்.

சாவு வீட்டுக்குப் போனேன். வாசலிலும் அந்தக் கோட்டுக்காரன் படம்தான், பெரிதாக, மாலையோடு. பெட்டிக்குள் மட்டும் சேகர் இருந்தான்.

படம் செய்தது அவன் மைத்துனன் மணி. "ஏஐல போட்டேன் அண்ணே. நல்லா வந்திருக்குல்ல?"

"அவன் இடது கண்ணு எங்கப்பா?"

"ரெண்டு கண்ணும் இருக்கே!"

"அதைத்தான் கேக்குறேன்."

மணி அழுதுவிட்டான். "மச்சான் ஊருக்கெல்லாம் படம் பண்ணாரு. அவரு படம் வீட்டுல ஒண்ணுகூட ஒழுங்கா இல்லண்ணே. ஐசி படமும் தேஞ்சு போச்சு."

சேகரின் மனைவி வசந்தா என்னைத் தனியாக அழைத்தாள். "எனக்கே அது யாருன்னு தெரியலண்ணே. பதினாறாம் நாளு சோறு படைக்கணும். யாரு மூஞ்சிக்கு முன்னாடி படைக்கிறது?"

என் கைபேசியைத் தேடினேன். அதை வாங்கிய புதிதில் எதையோ அழுத்தப்போய் விழுந்த படம் ஒன்று இருந்தது. திரைக்கு முன்னால் சேகர், கையில் பாதி தின்ற கறிபாப், இடது கண் பாதி மூடியிருக்கிறது. படம் ஆடியிருக்கிறது.

வசந்தா வாங்கிப் பார்த்தாள். அதுவரை அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

மணி தன் கைபேசியோடு எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் மங்கலா இருக்குக்கா. ஏஐல போட்டுத் தெளிவாக்கிடவா?"

"மணி. போன கீழ வை" என்றாள் வசந்தா.

பதினாறாம் நாளுக்கு இந்தப் படம்தான். கீழே போட்டிருக்கிறேன். நல்ல மனதோடு கேட்கிறேன், யாரும் இதை அழகாக்கி எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். இனி எழுத்தையும் அந்த ஏஐயே எழுதுமாமே. இந்தப் பதிவை என் விரலால்தான் அடித்தேன், மதியத்திலிருந்து.

சேகர், பசியாறிட்டுப் போ தம்பி.